ஆடாத ஸ்டூலுக்குக் கடைசி இடம்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரம் ராஜ வாழ்க்கை உண்டு. காலை ஒன்பதரைக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டால், மத்தியானம் இரண்டரைக்கு முதல் பிள்ளை வந்து ஏறும்வரை அவனை ஏன் என்று கேட்க ஆளில்லை. மற்ற வேன்காரர்கள் அந்த நேரத்தில் வேனுக்குள்ளேயே சீட்டை மடக்கிப்போட்டுத் தூங்குவார்கள். கோவில்பதாகை உத்தமன் மட்டும் வீட்டுக்கு ஓடிவந்து மாடிப்படிக்கு அடியில் புகுந்துகொள்வான்.

படிக்கு அடியில் ஆறடி நீளம், நாலடி அகலம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். பதினோரு வருஷமாக அவன் அங்கே குனிந்தபடியே ஸ்டூல், மணப்பலகை, சாவி மாட்டுகிற பலகை என்று எதையாவது செய்துகொண்டிருந்தான். விற்பதில்லை. கேட்டவர்களுக்குக் கொடுப்பான், கேட்காதவர்களுக்கும் கொடுப்பான். காலையிலும் மாலையிலும் பதினாறு பிள்ளைகள் போடுகிற கூச்சலில் அவன் சொல் எடுபடாது. மரக்கட்டையிடம் எடுபடும். அந்த ஐந்து மணி நேரம் இல்லையென்றால் தனக்கு எப்போதோ கிறுக்குப் பிடித்திருக்கும் என்று அவனே சொல்வான்.

இதற்குத்தான் ஆபத்து வந்தது. மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். அவர்கள் மீட்டிங்கில் வாயைத் திறக்கும்போதெல்லாம் கீழே உத்தமன் ரம்பத்தை எடுத்தான். அவர்கள் வீட்டுச் சொந்தக்காரர் சம்பந்தத்துக்குப் போன் போட்டார்கள். சம்பந்தம் வந்து படிக்கட்டின் முன்னால் நின்றார்.

"மேல் ஊட்டுக்காரங்க டெய்லி போன் பண்றாங்கபா. இது பட்டறையா, குப்பை போடற எடமான்னு கேக்குறாங்க. நானு இன்னா சொல்றது?"

உத்தமனின் மனைவி பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து வந்தாள். "உங்க ஊட்டுக் கதவு மழைக்கு உப்பிகினப்போ யாரு சரி பண்ணது? இவரு தானே அண்ணாத்தே. அப்போ இது பட்டறையா தெரிஞ்சிதுல்ல?"

"எனக்குத் தெரியும்மா. மத்தவங்களுக்குத் தெரியணுமே. நாலு பெரிய மனுசங்க இது பட்டறை தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நானும் மேல போயி கெத்தா சொல்லிடுவேன். இல்லாங்காட்டி ஒண்ணாந்தேதி வர்றேன், எடத்தைக் காலி பண்ணிக் குட்த்துடு."

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. மேற்கு வட்டார வீட்டுப் பட்டறை ஆர்வலர் பேரவை, கரையான்சாவடிக் கல்யாண மண்டபம் ஒன்றில் போட்டி நடத்துகிறது. நாலு கால் ஸ்டூல் ஒன்றை நாலு மணி நேரத்தில் செய்யவேண்டும். கருவிகளை அவரவரே கொண்டுவர வேண்டும். வெல்பவருக்கு 'அங்கீகரிக்கப்பட்ட வீட்டுப் பட்டறை' என்ற பித்தளைப் பலகை. கீழே கொட்டை எழுத்தில், 'கையில் காசில்லாத ஆர்வலர்களே, கலங்காதீர். இந்த ஆண்டு முதல் உங்களுக்குச் சமநீதி' என்று போட்டிருந்தது.

தெய்வமே வாட்ஸ்அப்பில் வந்ததாக உத்தமன் நினைத்தான். பதினொரு பக்க விண்ணப்பத்தை வேனில் உட்கார்ந்தே நிரப்பினான். பதினான்காம் கேள்வியில்தான் பேனா நின்றது. 'நீங்கள் எளிய ஆர்வலரா? ஆம் எனில், எவ்வளவு காலமாக? இல்லை எனில், ஆகும் உத்தேசம் உண்டா?' அவன் வெகுநேரம் யோசித்து, 'பிறந்ததிலிருந்து' என்று எழுதினான்.

சமநீதியின் ஏற்பாடு இதுதான். கருவிகளின் மொத்த மதிப்பு பதினைந்தாயிரத்துக்குள் இருந்தால் எளியோர் பிரிவு. அவர்களுக்கு நாற்பது மதிப்பெண் கூட்டப்படும். ஒரு லட்சத்துக்கு மேல் போனால் வலியோர் பிரிவு. அவர்களுக்கு நாற்பது கழிக்கப்படும். இடையில் இருப்பவர்கள் நடுவோர். அவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. யார் எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்யச் சமநீதிக் குழு வீடு வீடாக வரும்.

வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, காரில். பேரவைத் தலைவர் பூபாலன் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பார். செயலாளர் மைதிலி முகப்பேரில் இருக்கிறார். ஐ.டி. கம்பெனியில், மற்றவர்கள் வேலை செய்யும் முறை சரியா என்று பார்ப்பதே அவருடைய வேலை. கையில் டேப்லெட் வைத்திருந்தார். இருவருக்கும் படிக்கு அடியில் இடம் இல்லாததால் ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து பார்த்தார்கள்.

"இது என்ன?" என்றார் பூபாலன்.

"வாஷிங் மெஷின் மோட்டாருங்க. அடியில தையல் மெஷின் ஸ்டாண்டு. காயலாங்கடைல எடுத்து நானே மாட்டிகினேன். ஸ்டூல் காலு உருட்ட."

"பில் இருக்கா?"

"காயலாங்கடைல ஏதுங்க பில்லு?"

பூபாலன் மைதிலியைப் பார்த்தார். "பில் இல்லையென்றால் இன்றைய சந்தை விலை. விதி ஒன்பது."

மைதிலி டேப்லெட்டில் தேடினார். "கடைசல் மெஷின், பெஞ்ச் மாடல், ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அது செய்யற வேலையை இதுவும் செய்யுதில்லையா உத்தமன்? அப்ப ரெண்டும் ஒண்ணுதான். ப்ராசஸ்ல நாங்க தோற்றத்தைப் பார்க்கறதில்லை."

"மேடம், நான் முந்நூறு ரூபாய்க்கு வாங்கினது."

"அது உங்களோட சாமர்த்தியம். சாமர்த்தியத்துக்குத் தனிப் பத்தி இருக்கு. அப்புறம் வரேன்."

அடுத்து மூலையில் இருந்த அம்மிக்கல்லைப் பார்த்தார்கள். உத்தமன் ஸ்டூலை அதன் மேல் நிறுத்தித்தான் எந்தக் கால் நீளம், எந்தக் கால் குட்டை என்று பார்ப்பான். அதை உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டான். உண்மை பேசினால் கெடுதல் வராது என்று அவனுக்கு யாரோ சின்ன வயதில் சொல்லிவைத்திருந்தார்கள்.

"தளம் பார்க்கும் கருங்கல் பலகை," என்று பூபாலன் சொல்லச் சொல்ல மைதிலி எழுதினார். "இறக்குமதி ரகம். எண்பத்தையாயிரம்."

"ஐய, அது எங்கம்மா எனுக்கு சீரா குட்த்த அம்மிங்க," என்றாள் பஞ்சவர்ணம். "மிக்சி வர்ற வரைக்கும் அதுல தான் சட்னி அரைச்சிகினு இருந்தேன்."

மைதிலி தலையாட்டிவிட்டு, 'உணவு பதப்படுத்தும் வசதியும் உண்டு' என்று சேர்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வேன் 'கருவிப் போக்குவரத்து வாகனம்' ஆயிற்று. சுவரில் ஆணியடித்து உளிகளை அளவுவாரியாக மாட்டியிருந்தது 'கிடங்கு மேலாண்மை' ஆயிற்று. கடைசியில் பூபாலன், கைரேகை பார்க்கிறவர்போல உத்தமனின் வலது கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள்?"

"பதினோரு வருசமுங்க."

"மரவேலை வகுப்புக்கு இன்றைக்கு மணிக்கு ஐந்நூறு ரூபாய் வாங்குகிறார்கள். பதினோரு வருஷத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு எளியோர் என்று எழுதியிருக்கிறீர்களே, மிஸ்டர் உத்தமன். உண்மையான எளியவன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்?"

உத்தமனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் இவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்துகொண்டு, மாசக் கடைசியில் பஞ்சவர்ணத்தின் தங்கையிடம் கைமாற்று வாங்கியிருக்கிறோமே என்று நினைத்தான். குழு அவனை வலியோர் பிரிவில் முதல் ஆளாக எழுதிக்கொண்டு போயிற்று. போகும்போது மைதிலி, "உங்க அனுபவத்தை ஈடுகட்டவும் ஏற்பாடு உண்டு, கவலைப்படாதீங்க," என்று ஆறுதல் சொன்னார்.

போட்டி நாளன்று மண்டபத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். உத்தமன் வேனில் தன் சாமான்களையும் பஞ்சவர்ணத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பக்கத்து இடம் முகப்பேர் ராகேஷுடையது. பளபளவென்று ஆறு ஜெர்மன் மெஷின்களை நாலு பேர் இறக்கிவைத்தார்கள். இரண்டில் இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ராகேஷின் சட்டையில் 'எளியோர்' என்று பச்சை அட்டை குத்தியிருந்தது.

ராகேஷ் கெட்டவன் இல்லை. உத்தமன் அந்த அட்டையையே பார்ப்பதைக் கவனித்து அவனே கூச்சத்தோடு சொன்னான். "மெஷினெல்லாம் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது அண்ணா. பில் அவர் பேர்ல இருக்கு. என் செலவு பூஜ்யம்னு போட்டுட்டாங்க. நான் நடுவோர்ல போடுங்கன்னுதான் சொன்னேன். எளிமையை மறைக்கக்கூடாதுன்னு தலைவர் கோவிச்சுக்கிட்டார்."

பூபாலன் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, மற்ற போட்டிகளில் யார் நன்றாகச் செய்கிறானோ அவன் வென்றுவிடுகிறான். இதைவிட அநியாயம் உண்டா? நன்றாகச் செய்யத் தெரிந்தவனுக்கு ஏற்கெனவே நன்றாகச் செய்யத் தெரியும். அவனுக்கு எதற்குப் பரிசு? நான் கொள்முதல் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். ஒரு டெண்டரைக்கூட முடிய விட்டதில்லை. முடிந்தால்தானே ஒருவனுக்குக் கிடைத்து, ஒன்பது பேருக்குக் கிடைக்காமல் போகும்? அந்தக் கொள்கையோடுதான் இங்கேயும் வந்திருக்கிறேன். இந்தப் பேரவையில் ஏழைக்கென்று முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அவர் மீதுள்ள மரியாதையினால் அதில் யாரையும் உட்கார விடுவதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் நிஜமாகவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரப்போன பஞ்சவர்ணத்தை ஒரு தொண்டர் தடுத்துப் பின்னால் அனுப்பினார்.

மணி அடித்தது. எட்டுப் பேர் வேலையைத் தொடங்கினார்கள். உத்தமனை மட்டும் மைதிலி சாக்பீஸால் வரைந்த ஒரு கட்டத்துக்குள் நிறுத்தினார். அனுபவத்துக்கு ஈடாக முக்கால் மணி நேரம் அவன் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அப்புறம் தொடங்கலாம், ஆனால் இடது கையில் வெல்டிங் வைப்பவர்கள் போடுகிற தடித்த தோல் உறையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"மேடம், உளியை எப்படிப் பிடிக்கறது இதோட?"

"அதேதான். மத்தவங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்? இப்பதான் நீங்க அவங்க நிலைமைக்கு வந்திருக்கீங்க. இதுக்குப் பேர்தான் சமம்."

உத்தமன் கட்டத்துக்குள் நின்றான். ராகேஷ் ஒரு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "அண்ணா, இந்த பட்டன் எதுக்கு?" என்று கேட்டான். ஜெர்மன் மெஷினாக இருந்தாலும் பட்டன் பட்டன்தானே. உத்தமன் எட்டிப் பார்த்துச் சொன்னான். மைதிலி ஓடிவந்து, கேட்டுத் தெரிந்துகொள்ளும் பண்புக்காக ராகேஷுக்கு ஐந்து மதிப்பெண் கூட்டினார். அறிவை வெளியே விட்டதற்காக உத்தமனுக்கு ஐந்து கழித்தார்.

தோல் உறைக்குள் கை வெந்தது. உளி இரண்டு தடவை நழுவியது. கோபம் வந்தபோதெல்லாம் உத்தமன் ஒண்ணாந்தேதியை நினைத்துக்கொண்டான். மூன்றேகால் மணி நேரத்தில் அவன் ஸ்டூல் முடிந்துவிட்டது. தலைவர் பேச்சைப்போலக் கனமாக இல்லாமல், லேசாக, நேராக நின்றது.

சோதனை எளிது. ஸ்டூல் மேல் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, விளிம்பில் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். உத்தமனின் ஸ்டூலில் தண்ணீர் அசையவில்லை. ராகேஷின் ஸ்டூலில் அழுத்தியதும் தண்ணீர் முழுக்கப் பூபாலனின் வேட்டிக்குப் போய்விட்டது.

பூபாலன் வேட்டியைப் பிழிந்துவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்தார். "தரை மட்டமில்லை போலிருக்கிறதே," என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இங்கே அந்தச் சிரமத்தை ராகேஷுக்கு வைக்காமல் பேரவையே பார்த்துக்கொண்டது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றினார்கள். மேடைமேல் ஆடியது. மணமகள் அறையில் ஆடியது. கடைசியில் பந்தி நடக்கிற கூடத்தில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை உள்வாங்கிய டைல்ஸ் கல் ஒன்று இருந்தது. அதன்மேல் வைத்ததும் ஸ்டூல் ஆடாமல் நின்றது. குழுவினர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். 'தனக்கேற்ற தளத்தைத் தேர்ந்துகொள்ளும் திறன்' என்று எழுதி இருபது மதிப்பெண் கூட்டினார்கள்.

உத்தமன் வாங்கியது தொண்ணூற்றேழு. பிரிவுக்கு நாற்பது, சாமர்த்தியத்துக்கு நாற்பது, அறிவை வெளியே விட்டதற்கு ஐந்து கழித்தபின் பன்னிரண்டு. ராகேஷ் வாங்கியது முப்பத்தொன்று. எல்லாம் கூட்டியபின் தொண்ணூற்றாறு. பித்தளைப் பலகை முகப்பேருக்குப் போயிற்று. உத்தமனுக்கு ஒன்பதாவது இடம். வேனில் திரும்பும்போது பஞ்சவர்ணம் அவன் செய்த ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதுதான் அவனுக்கு அழுகையை வரவழைத்தது.

மறுநாள் பத்து மணிக்கு அவன் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. பூபாலனும் மைதிலியும் முதல் பரிசு பெற்ற ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"பேரவை மலருக்குப் புதன்கிழமை போட்டோ எடுக்கிறோம்," என்றார் பூபாலன். "சிறப்பு விருந்தினர் இதன்மேல் உட்காரவேண்டும். அவர் கொஞ்சம் கனமானவர். அந்த டைல்ஸ் கல்லைப் பெயர்த்துக் கொடுக்க மண்டபத்துக்காரர் சம்மதிக்கவில்லை."

பஞ்சவர்ணம் இடுப்பில் கையை வைத்தாள். "நேத்து கையில ஒறைய மாட்டி நிக்க வெச்சீங்க. இன்னிக்கி இன்னாத்துக்கு வந்துகினீங்க? எட்த்துகினு போங்க அதை."

ஆனால் ஆடுகிற ஸ்டூலைக் கண்முன் வைத்துக்கொண்டு சும்மா இருக்க உத்தமனின் கை கேட்காது. அம்மிமேல் ஏற்றி நிறுத்தினான். நீளமான காலைக் கண்டுபிடித்து இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தான். பத்து நிமிஷத்தில் ஸ்டூல் குத்துக்கல்லாக நின்றது. காசு வேண்டாம் என்றான்.

"பேரவை யார்கிட்டயும் எதையும் இலவசமா வாங்காது. பாலிசி," என்று மைதிலி ஐம்பது ரூபாயை அவன் கையில் திணித்து, ஒரு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. இரண்டு தாள்கள், ஒவ்வொரு தாளிலும் முத்திரை. உத்தமன் படிக்கட்டில் உட்கார்ந்து முதல் தாளை வாய்விட்டுப் படித்தான்.

'பெருமதிப்பிற்குரிய திரு. உத்தமன் அவர்களுக்கு. தங்கள் பட்டறையை எமது சமநீதிக் குழு நேரில் ஆய்ந்தது. அது தொழில்முறைத் தரத்தில் இயங்கும் பட்டறை என்பதைப் பேரவை ஐயமற உறுதி செய்கிறது. தங்கள் கைத்திறன் எமது உறுப்பினர் எவராலும் எட்ட இயலாதது. போட்டியில் ஆடாமல் நின்றது தாங்கள் செய்த ஸ்டூல் ஒன்றே. முதல் பரிசு பெற்ற ஸ்டூலை ஆடாமல் நிறுத்தியவரும் தாங்களே. இவை அனைத்தையும் பேரவை முழுமனதுடன் பதிவு செய்கிறது. ஆகவே,'

அத்தோடு தாள் முடிந்துவிட்டது. உத்தமனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தாளை எடுத்தான்.

'தாங்கள் கூலி பெற்று வேலை செய்பவர் என்பது தாங்களே கையொப்பமிட்ட ரசீதினால் தெளிவாகிறது. எனவே தாங்கள் ஆர்வலர் அல்லர். தாங்கள் ஆயுட்காலம் முழுவதும் எமது போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்படுகிறது. தாங்கள் பெற்ற ஒன்பதாம் இடமும் ரத்து செய்யப்படுகிறது.'

உத்தமன் இரண்டு தாளையும் படியிலேயே போட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட கூச்சல் அவன் காதில் விழவே இல்லை.

ஒண்ணாந்தேதி காலையில் அவன் உளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்குப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது சம்பந்தம் வந்தார். "இன்னாபா, யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"சொல்லாம இன்னா," என்றாள் பஞ்சவர்ணம். உள்ளே போய் ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். இரண்டாம் தடவை படித்தபோது அவர் குரல் மாடிக்குக் கேட்கும் அளவுக்கு ஏறியிருந்தது.

"தொழில்முறைத் தரம்னு போட்டுக்கீறான். எவனாலயும் எட்ட முடியாதுன்னு போட்டுக்கீறான். இத்தை ஏன்பா மொதல்லயே காட்டல?" என்றவர், தாளின் கடைசியில் விரலை வைத்தார். "ஆகவேன்னு நிக்குதே. அப்பால இன்னா?"

உத்தமன் வாயைத் திறந்தான். பஞ்சவர்ணம் முந்திக்கொண்டாள்.

"ஆகவே, இவரு இனிமேலு அவங்க போட்டிக்கு வந்து தொல்லைப்பட வேணாமாம். அவ்ளோ பெரிய ஆளாம்."

"அதான பார்த்தேன்," என்றார் சம்பந்தம். அந்தத் தாளை மடிக்காமல் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேலே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

உத்தமன் சாக்குப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "பொய் தானே சொன்னே?" என்றான் மெதுவாக.

"அந்தத் தாள்ல எது பொய்யி, சொல்லு. இல்ல நான் சொன்னதுல தான் எது பொய்யி?"

அவன் முதல் தாளை மனசுக்குள் வரிவரியாக ஓட்டிப் பார்த்தான். பட்டறை என்று எழுதியிருந்தது. அது உண்மை. யாராலும் எட்ட முடியாது என்று எழுதியிருந்தது. மற்ற எட்டுப் பேரையும் பார்த்தவன் என்ற முறையில் அதையும் அவனால் மறுக்க முடியவில்லை. ஒருவனை வெளியே தள்ளும்போதுதான் பேரவைக்கு உண்மை வாயில் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்து உளிகளை எடுத்துத் திரும்பவும் அளவுவாரியாக மாட்ட ஆரம்பித்தான்.